இருபதுக்குப் பூஜ்யம்

கூடைப்பந்தில் 20–0 என்று ஒரு ஸ்கோர் உண்டு. அதை யாரும் ஆடி எடுப்பதில்லை. எதிரணி களத்துக்கு வராவிட்டால், அல்லது ஆட மறுத்துவிட்டால், வந்து நிற்கும் அணிக்கு 20, மற்ற அணிக்குப் பூஜ்யம் என்று எழுதச் சொல்கிறது பன்னாட்டு விதிப்புத்தகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில், சென்னைக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் அணி அந்த சீசன் முழுவதும் ஓடியாடி வென்ற ஆட்டங்கள் அத்தனையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், 20–0 தோல்விகளாக மாறின. 71–66 என்று வென்ற இறுதி ஆட்டமும் அதில் அடக்கம். அந்தத் தாளை ரத்து செய்யக் கோரி நான் நடத்திய ரிட் வழக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி, பல்கலைக்கழகம், நிறுவனம், ஆட்கள் என யாருடைய பெயரும் இங்கே தேவையில்லை. வழக்கின் சாரம் பெயர்களில் இல்லை.

கல்லூரிக் கூடைப்பந்தின் காலண்டர் தெரியாமல் இந்த வழக்கு புரியாது. சேர்க்கை முடிந்ததும் ஜூலையில் டிரையல்ஸ். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். அவற்றில் கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கியெடுத்துப் பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாம். டிசம்பர், ஜனவரி வாக்கில் தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அங்கே முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. அதன் பிறகு மாடல் எக்ஸாம், செமஸ்டர் என்று பிள்ளைகள் புத்தகத்தைத் தேடிப் போய்விடுவார்கள். ஆக, மொத்த சீசனும் ஏழெட்டு மாதம்தான். உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு, எதிர்த்தரப்பின் பதில் மனுவான கவுண்டர் தாக்கலாகி, இறுதி விசாரணைப் பட்டியலுக்கு வருவதற்குள் இப்படி இரண்டு மூன்று சீசன் கடந்துவிடும்.

கோப்பையைவிடப் பெரிதாக இவர்கள் நினைப்பது சான்றிதழை. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், நாட்டுக்காக ஆடியவருக்கு படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்கு படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு படிவம் 3, பள்ளி அளவில் தேசியப் போட்டி ஆடியவருக்கு படிவம் 4 என்று வரிசை இருக்கிறது. மாநில அணியில் இடம் கிடைப்பது அரிது. நடுத்தரமான ஒரு நல்ல ஆட்டக்காரனுக்கு எட்டும் உயரம் படிவம் 3. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல் வேலை பார்க்கிறார் என்ற வீட்டிலிருந்து வரும் பையனுக்கு அந்த ஒரு தாள் அரசு வேலைக்கான நுழைவுச்சீட்டு.

என் மனுதாரரும் அப்படிப்பட்ட பையன்தான். தேனி மாவட்டத்துக்காரன். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை வேடிக்கை பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவன். ஆறடி நான்கு அங்குலம். சென்னையில் ஒரு கலைக் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். இடம் கொடுத்தது. கட்டணம் இல்லை, விடுதியும் சாப்பாடும் இலவசம். ஷிப்ட் ஒன்றில் காலை வகுப்பு, மாலை பயிற்சி. முதலாண்டு முடிவில், பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் டிபார்ட்மென்ட் டீம் அவனை ஸ்டைபெண்ட் ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டது. மாதம் 8,000 ரூபாய், ஒரு கிட், ஷூ. கிளப் போட்டிகளில் அவர்களுடைய ஜெர்சியில் ஆட வேண்டும். வீட்டுக்கு மாதம் 5,000 அனுப்பினான்.

அந்த 8,000 ரூபாய்தான் சீசனைக் கவிழ்த்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளின் தகுதி விதிகளில் வயது வரம்பு, முழுநேரப் படிப்பு, ஒரே கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஆடக் கூடாது என்பவற்றோடு இன்னொன்றும் உண்டு: முழுநேரப் பணியில் இருப்பவர் ஆடக் கூடாது. இறுதி ஆட்டத்தில் தோற்ற கல்லூரி, கோப்பை கைமாறி ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, நவம்பர் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பியது. கூடவே இரண்டு ஆதாரங்கள். ஒன்று, டிபார்ட்மென்ட் டீமின் படத்தோடு வந்த நாளிதழ்ச் செய்தி. மற்றொன்று, அந்த அணியின் ஆட்டக்காரர் பட்டியல். டிசம்பர் முதல் வாரத்தில் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையிலிருந்து உத்தரவு வந்தது. மாணவர் தகுதியற்றவர் எனத் தெரியவருவதால் பல்கலைக்கழக முகாமிலிருந்து நீக்கப்படுகிறார். அவர் ஆடிய கல்லூரி ஆட்டங்கள் யாவும் 20–0 எனக் கொள்ளப்படும். கோப்பை இரண்டாமிடம் பெற்ற கல்லூரிக்கு வழங்கப்படும். மொத்தம் மூன்று வாக்கியங்கள். எந்த விதி, என்ன ஆதாரம், யார் விசாரித்தார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை.

தம்பு செட்டித் தெருவில் என் அலுவலகத்துக்கு அந்தப் பையன், அணியின் கேப்டன், கல்லூரியின் பி.டி. மாஸ்டர் மூவரும் வந்தார்கள். மாஸ்டர் வந்ததுகூட அலுவல் முறையில் இல்லை.

“சார், காலேஜ் சார்பா கேஸ் போட மேனேஜ்மென்ட் சம்மதிக்கல. யுனிவர்சிட்டிகிட்ட நாளைக்கு அஃபிலியேஷனுக்குப் போய் நிக்கணும். பசங்களே போடட்டும், நாங்க எதிர்க்க மாட்டோம்னு சொல்றாங்க.”

இது எதிர்பார்த்ததுதான். இணைப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போடுவது அபூர்வம். பாதிப்பு மாணவருக்கு, பயம் நிர்வாகத்துக்கு. நான் கேப்டனைப் பார்த்தேன். உயரம் குறைவான பையன், பாயின்ட் கார்டு ஆடுகிறவன், இறுதியாண்டு.

“தம்பி, உன் மேல எந்தக் குற்றச்சாட்டும் இல்லையே. நீ எதுக்கு வந்திருக்க?”

“சார், அவன் ஆடுனது தப்புன்னே வச்சுக்குவோம். மீதி பதினோரு பேரு என்ன சார் பண்ணோம்? எங்க சர்ட்டிஃபிகேட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொல்றாங்க. நாலு பேரு பி.பி.எட்.டுக்கு அதை வச்சுத்தான் அப்ளை பண்ணப் போறோம்.”

வழக்கின் வடிவம் அந்தப் பதிலில் கிடைத்தது. அதுவரை ஒரு மாணவனின் தகுதிப் பிரச்சினை என்ற அளவில்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே உத்தரவுக்குள் இரண்டு தண்டனைகள் இருந்தன. புகாருக்கு ஆளானவனை நீக்கியது முதலாவது. புகாரே இல்லாத பதினோரு பேரின் வெற்றியை அழித்தது இரண்டாவது. முதலாவதைப் பாதுகாக்கப் பல்கலைக்கழகத்திடம் ஒரு விதியாவது இருந்தது. இரண்டாவதுக்கு அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று தேடினேன். 20–0 என்பதைப் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த விதியைப் படித்தால் ஆட்டத்தை இப்படிப் பறிமுதல் செய்வதற்கான (ஃபோர்ஃபிட்) காரணங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன: குறித்த நேரம் கடந்து 15 நிமிடத்துக்குப் பிறகும் ஐந்து பேரைக் களத்தில் நிறுத்த முடியாதது, ஆட்டம் நடக்கவிடாமல் செய்வது, நடுவர் சொல்லியும் ஆட மறுப்பது. தகுதியில்லாதவர் ஆடினார் என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அப்படியொரு காரணத்தைப் போட்டி நடத்துபவர் தம்முடைய சொந்த விதிகளில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்தின் போட்டி விதிகளில் அப்படி எதுவும் இல்லை.

மாஸ்டர் கொண்டுவந்த கட்டில் இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டும் இருந்தது. அதன் அடிப்பகுதியில், ஆட்டத்தைக் குறித்து ஆட்சேபம் இருந்தால் கேப்டன் கையெழுத்திட ஒரு கட்டம் உண்டு. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் போட வேண்டும். தோற்ற அணியின் கேப்டனுக்கான கட்டம் காலியாக இருந்தது. அதே டிபார்ட்மென்ட் டீமுக்கு எதிராக அவர்களுடைய கல்லூரிப் பையன்களே கிளப் போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள். இவன் அங்கே ஆடுகிறான் என்பது சென்னைக் கூடைப்பந்து வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாத செய்தியல்ல.

பையனை முதல் மனுதாரராகவும் கேப்டனை இரண்டாவது மனுதாரராகவும் வைத்து, உத்தரவை ரத்து செய்யவும் பையனை முகாமில் சேர்க்க ஆணையிடவும் கேட்டு மனு தயாரித்தேன். அடுத்த நாள் காலை 10.30-க்கு மென்ஷன் செய்து, அன்று பிற்பகலே விசாரிக்கும் லஞ்ச் மோஷனுக்கு அனுமதி வாங்கினேன். பல்கலைக்கழகத்தின் ஸ்டாண்டிங் கவுன்சிலுக்குக் கட்டுகள் போய்ச் சேர்ந்தன. 2.15-க்கு வழக்கு கூப்பிடப்பட்டது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைவிட மூத்தவர். அவருடைய வாதத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. விதி எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினார். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களைக் கல்லூரிகள் பெயருக்குச் சேர்த்துக்கொண்டால், உண்மையாகப் படித்துக்கொண்டே ஆடும் மாணவனுக்கு அணியில் இடமிருக்காது; அந்த மாணவனைக் காப்பாற்றத்தான் விதி என்றார். பிறகு, மாணவர்கள் என்பதாலேயே அனுதாபப்பட்டு இடைக்கால உத்தரவு கொடுக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 1993-இல் குரு நானக் தேவ் பல்கலைக்கழக வழக்கில் கண்டித்திருப்பதை எடுத்து வைத்தார். பல்கலைக்கழகம் தன் சொந்த விதியை மீறும்படி நீதிமன்றம் ஆணையிடக் கூடாது என்ற 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சொன்னார். இரண்டும் சரியான மேற்கோள்கள். பேருக்கு மாணவர்களாக இருந்து வகுப்புப் பக்கமே எட்டிப்பார்க்காத ஆட்டக்காரர்களை அந்த நீதிமன்ற அறையில் இருந்த பலரும் தங்கள் கல்லூரி நாட்களில் பார்த்திருப்பார்கள்.

நான் அனுதாபம் கேட்கவில்லை. உத்தரவை மட்டும் படித்துக் காட்டினேன். நீதியரசர் எதிர்த்தரப்பைப் பார்த்துக் கேட்டார்:

“இந்தப் பையனுக்கு நோட்டீஸ் கொடுத்தீர்களா?”

“கல்லூரிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டது.”

“மற்ற பதினோரு பேருக்கு?”

பதில் வரவில்லை. இடைக்கால உத்தரவு அன்று மாலையே கிடைத்தது. 20–0 பகுதிக்கும் கோப்பையைக் கைமாற்றும் பகுதிக்கும் தடை. பையனின் தகுதி குறித்து ஒரு குழு இரண்டு நாட்களுக்குள் அவனை நேரில் கேட்டு, காரணங்களோடு உத்தரவு போட வேண்டும். அதுவரை முகாமில் அவனுடைய இடத்தில் வேறு யாரையும் சேர்க்கக் கூடாது. அனுதாபம் என்ற குற்றச்சாட்டுக்கு இடமே தராத உத்தரவு. தகுதி உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கேட்டுவிட்டு முடிவெடு என்றது, அவ்வளவுதான்.

குழு கூடியது. பையன் தன் வங்கிப் புத்தகத்தையும், நிறுவனம் கொடுத்த கடிதத்தையும், கல்லூரி வருகைப் பதிவேட்டின் நகலையும் கொண்டு போனான். எதையும் மறைக்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாவது உத்தரவும் பாதகமாகத்தான் வந்தது. ஆனால் இம்முறை காரணங்கள் இருந்தன: மாதந்தோறும் பணம் வரவு வைக்கப்படுகிறது; நிறுவனத்தின் ஜெர்சியில் ஆடுகிறார்; நிறுவனத்தின் பயிற்சியாளர் சொல்லும் நேரத்துக்குப் பயிற்சிக்குப் போகிறார்; ஆகவே முழுநேரப் பணியாளராகக் கருத வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீதிமன்றம் மூடுவதற்கு முந்தைய வாரம் அது. தென் மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது உத்தரவை எதிர்த்துப் புது ரிட் மனு. இந்தத் தடவை நான் முதலில் நீட்டியது தீர்ப்புத் தொகுப்பை அல்ல, வருகைப் பதிவேட்டை. அந்தக் கல்வியாண்டில் அவனுடைய வருகை 80 சதவீதத்துக்கு மேல். ஷிப்ட் ஒன்று காலை எட்டரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு முடிகிறது. நிறுவனத்தின் அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால். நீதியரசர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விதான் இந்த வழக்கின் மையம் ஆயிற்று:

“இவன் பகலில் எங்கே இருந்தான்?”

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. பதிவேட்டில் இவனுக்குக் கல்லூரி ஆன் டியூட்டி கொடுத்திருந்த இரண்டு வேலை நாட்களில், உண்மையில் இவன் நிறுவனத்துக்காக ஆடிக்கொண்டிருந்ததைப் போட்டி அட்டவணையோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். அது உண்மை. கல்லூரி அலுவலகத்தில் ஆன் டியூட்டி படிவத்தை விசாரிக்காமல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நாட்களை வருகையிலிருந்து கழித்துவிடலாம், அப்போதும் தேவையான 75 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறான் என்று ஒப்புக்கொண்டு பதில் சொன்னேன். மறுத்து வாதாடியிருந்தால் பதிவேடு முழுவதன் மேலும் சந்தேகம் விழுந்திருக்கும். ஆதாரத்தில் ஓட்டை இருந்தால் அது எங்கே, எவ்வளவு என்று நாமே அளந்து சொல்லிவிட வேண்டும் என்பது என் சீனியரின் பாடம்.

இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆடலாம், இதை வைத்துப் பின்னால் எந்த உரிமையும் கோரக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அணி ரயிலேறியது. நீதிமன்றம் வரை போய் ஆடினான், கோப்பையோடு திரும்பினான் என்று முடிக்க வாசகருக்கும் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். காலிறுதியில் பல்கலைக்கழக அணி தோற்றது. நான்காவது குவார்ட்டரில் ஐந்தாவது ஃபவுல் வாங்கி இவன் பெஞ்சுக்குப் போனான். முதல் நான்கு இடங்களுக்குள் வராததால் அகில இந்தியப் போட்டியும் இல்லை. அத்தோடு அந்த சீசன் முடிந்தது. வழக்கு முடியவில்லை.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் ஓடின. பல்கலைக்கழகம் விரிவான கவுண்டர் தாக்கல் செய்தது. முதல் உத்தரவில் இல்லாத காரணங்களெல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. பையன் பட்டம் வாங்கினான். கேப்டன் பி.பி.எட். முடித்தான். இடைக்காலத் தடை இருந்ததால் கோப்பை கல்லூரியின் கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி, தென் மண்டலத்தில் ஆடியதற்கான படிவம் 3-ஐப் பல்கலைக்கழகம் அவனுக்குத் தரவில்லை. இடையில் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்து, கடைசித் தேதியும் தாண்டிப் போனது. அவனால் விண்ணப்பிக்க முடியவில்லை.

வழக்கு இறுதி விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பின் முதல் வாதம், மனு இன்ஃப்ரக்சுவஸ் ஆகிவிட்டது என்பது. சீசன் முடிந்தது, மாணவர் வெளியேறிவிட்டார், இனி தீர்மானிக்க என்ன இருக்கிறது? விளையாட்டு வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உயிர்விடுகின்றன. படிவம் 3 நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, 20–0 உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை, தடையில் மட்டுமே இருக்கிறது, மனு தள்ளுபடியானால் மறுநாளே அது உயிர் பெறும் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் விசாரணை நகர்ந்தது.

முதல் உத்தரவைப் பொறுத்தவரை 1977-ஆம் ஆண்டின் மொஹிந்தர் சிங் கில் தீர்ப்பு போதுமானதாக இருந்தது. ஓர் அதிகார அமைப்பின் உத்தரவு செல்லுமா என்பதை அந்த உத்தரவில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கு வந்த பிறகு அஃபிடவிட்டில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். சீசன் தொடக்கத்தில் தகுதிப் படிவத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது பல்கலைக்கழகமே என்பதற்கு, குருக்ஷேத்ரா பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னதைக் காட்டினேன். வருகைக் குறைவை உரிய நேரத்தில் பார்க்காமல் தேர்வு எழுத அனுமதித்துவிட்டு, பிறகு அதையே காரணமாக்கி அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்று சொன்ன வழக்கு அது.

கடினமான பகுதி இரண்டாவது உத்தரவு. ஒருவர் பணியாளரா இல்லையா என்பதற்கு நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவுகோல், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர்கள் பற்றிய தாரங்கத்ரா வழக்கிலிருந்து வரும் வழி அது. அந்த அளவுகோலை வைத்தால் எனக்குச் சிக்கல். ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் போல ஆளைக் கட்டுப்படுத்துகிறவர் எந்த ஆபீஸில் இருக்கிறார்? எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்கிறார். எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

இதே கேள்வி பின்னாளில் அமெரிக்காவில் தலைகீழாக எழுந்தது. 2024 பிப்ரவரியில், டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி மாணவர்கள் கல்லூரியின் பணியாளர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல இயக்குநர் முடிவு செய்தார். கல்லூரி அவர்களுடைய நேரத்தையும் பயணத்தையும் கட்டுப்படுத்துகிறது, ஷூவும் கிட்டும் டிக்கெட்டும் கொடுக்கிறது என்பது வாதம். மார்ச்சில் 13-க்கு 2 என்ற வாக்கில் மாணவர்கள் சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் பணியாளர்கள் என்று பெயர் வாங்கப் போராடினார்கள். என் கட்சிக்காரன் அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கப் போராடினான். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: ஆடுகிறவனின் நேரம் யாருடையது?

அதனால் கட்டுப்பாட்டைப் பற்றி நான் சண்டை போடவில்லை. பணியாளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், விதி தடுப்பது பணியாளரை அல்ல, முழுநேரப் பணியாளரை என்றேன். நியமன உத்தரவு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, விடுப்புக் கணக்கு இல்லை, அலுவலக வருகைப் பதிவில் பெயர் இல்லை. நிறுவனத்தின் கடிதமே, இது நிரந்தர வேலைக்கு உரிமை தராது, பயிற்சி மாலை நான்கு முதல் ஏழு வரை என்கிறது. காலை முழுவதும் அவன் வகுப்பில் இருந்திருக்கிறான். உண்மையான மாணவனைக் காப்பதுதான் விதியின் நோக்கம் என்றால், 75 சதவீதத்துக்கு மேல் வகுப்புக்கு வந்து, எல்லாத் தாள்களிலும் தேறியவனைவிட உண்மையான மாணவன் யார்?

தீர்ப்பு அந்தக் குறுகிய வழியிலேயே வந்தது. ஸ்டைபெண்ட் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பணியாளர் அல்லர் என்று பொதுவாக எதையும் நீதிமன்றம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தின் நிபந்தனைகளையும் இந்த மாணவரின் வருகைப் பதிவையும் சேர்த்துப் பார்க்கும்போது முழுநேரப் பணி நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னது. முதல் உத்தரவு, காரணம் இல்லாததாலும் பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காததாலும் ரத்து. விதியில் இல்லாத பறிமுதலைப் பல்கலைக்கழகம் தானாக உருவாக்க முடியாது என்று தனிப் பத்தி. நான்கு வாரத்துக்குள் படிவம் 3 தர ஆணை. மேல்முறையீடு செய்யப்படவில்லை. படிவம் வந்தது. அடுத்த வேலைவாய்ப்பு அறிவிப்பில் அதை வைத்து விண்ணப்பித்து வேலைக்குச் சேர்ந்தான். தவறிப்போன முதல் அறிவிப்பையும், அதனால் போன பணிமூப்பையும் எந்தத் தீர்ப்பாலும் மீட்டுத் தர முடியாது.

வென்ற வழக்காக இதை என் ஜூனியர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் இந்த வழக்கில் பையனுக்கு உண்மையில் உதவியது மூன்று ஆண்டு கழித்து வந்த தீர்ப்பைவிட, இரண்டு நாளில் கேட்டு முடிவு சொல் என்ற முதல் நாள் இடைக்கால உத்தரவுதான் என்பேன். அது இல்லாவிட்டால் பாதகமான முடிவுக்கே காரணம் கிடைத்திருக்காது, காரணம் இல்லாவிட்டால் ரயில் கிளம்புவதற்குள் அதை எதிர்த்திருக்கவும் முடியாது. விளையாட்டுத் தகராறுகளில் நீதி சீசனுக்குள் வர வேண்டும். அதற்கு நீதிமன்றத்தைவிடப் பொருத்தமான இடம் பல்கலைக்கழகமே. தகுதிப் புகாருக்கு ஒரு காலக்கெடு, புகாருக்கு ஆளானவருக்கு நோட்டீஸ், ஓர் உடற்கல்வியாளரும் ஒரு சட்ட ஆசிரியரும் அமர்ந்த சிறு குழு, ஒரு பக்கக் காரணம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். போட்டி விதிகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

ஸ்டைபெண்ட் வாங்கி ஆடும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வாங்குவதை மறைக்காதீர்கள். நிறுவனம் தரும் கடிதத்தில் பயிற்சி நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜூலையில் தகுதிப் படிவம் நிரப்பும்போதே அந்தக் கடிதத்தின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வகுப்புக்குப் போங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் சீசனை 20–0 என்று எழுத வந்தால், உங்களைக் காப்பாற்றப் போவது உங்கள் வருகைப் பதிவேடுதான்.